பரவால்லீங்க

பிப்ரவரி 3, செவ்வாய்

இது லிப்ட் பராமரிப்புப் பதிவேடு. கம்பெனி வேனில் உபரியாகக் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், புகார், செய்த வேலை, கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கிறது. கட்டங்களைக் கண்டுகொள்ளாமல் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது பெவர்லி. குழந்தையை எடை பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவருடைய அம்மா ஜமைக்காவிலிருந்து வந்து இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவராம். "தூக்கம் வரலேன்னா எழுது. யாரும் படிக்கணும்னு இல்ல" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். இந்த நோட்டில் எல்லாரும் தமிழில்தான் பேசுவார்கள்.

குழந்தை இன்று 3.38 கிலோ. பிறந்த எடையைத் தாண்டிவிட்டது.

விவரம்: பெயர் காளிராஜ். வயது 31. ஊர் சாத்தூர். டிப்ளமோ. லிப்ட் மெக்கானிக். கோயம்புத்தூரில் ஆறு வருடம், இங்கிலாந்தில் இரண்டு வருடம். மனைவி இந்துமதி, வயது 28, ஊர் சென்னிமலை. ஜனவரி 22, வியாழன், காலை 11.20க்கு ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. அன்று மாலை 7.52க்கு இந்து இறந்தாள். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. வெளியே தெரியவில்லை.

புகார் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

பச்சைக் குப்பைத்தொட்டியை வாசலில் வைக்கும் நாள். வைத்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

தகனம் முடிந்தது. அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். திரை மூடியது. திரையை இழுக்கும் மோட்டார் கிறீச்சிட்டது. பேரிங்கில் கிரீஸ் இல்லை. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை.

மாமாவும் பொத்தானில் கை வைத்தார். மாமா என்றால் இந்துவின் அப்பா, சென்னியப்பன். ஈரோட்டு டிப்போவில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். அத்தை, இந்து காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார்கள். பேத்தியைப் பார்க்க என்று நவம்பரிலேயே டிக்கெட் போட்டது ஜனவரி 28க்கு. அதே டிக்கெட்டில்தான் வந்தார்.

திரும்பும்போது பஸ். காலி இருக்கை நிறைய இருந்தும் மாமா கடைசிப் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்டக்டரே இல்லீங்ளா மாப்ள?"

"இல்ல மாமா. டிரைவர்தான் எல்லாம்."

"பாவம் அந்த ஆளு. வைய்யறதுக்குக்கூட ஒரு ஆளில்லாம வண்டி ஓட்டோணும்."

இரண்டு நிறுத்தம் தாண்டிக் கேட்டார். அவருக்குப் பாப்பா என்றால் இந்துதான்.

"கடைசியா பாப்பா ஏதாச்சும் சொல்லுச்சுங்ளா?"

"பெருசா ஒண்ணும் சொல்லல மாமா."

"தண்ணி கேட்டுச்சுங்ளா?"

"கேட்டா."

"குடுத்தீங்ளா?"

"குடுத்தேன்."

"அது செரி" என்று தலையாட்டினார்.

பிப்ரவரி 9, திங்கள்

பால் 90 மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. பாட்டில்கள் ஆறு. கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலக்க வேண்டும். அதற்கு ஒரு தெர்மாமீட்டர் ஒதுக்கிவிட்டேன். மாமா மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார். இருவர் கணக்கும் ஒன்றாகத்தான் வருகிறது.

இந்துவின் போனில் கர்ப்பகால ஆப் ஒன்று இருக்கிறது. "வாழ்த்துகள், உங்கள் குழந்தைக்கு இரண்டரை வாரம், உங்களுக்குச் சோர்வாக இருக்கலாம்" என்று காட்டியது. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியும். நிறுத்தவில்லை.

மாமாவின் பெட்டியை இன்றுதான் முழுவதும் பிரித்தார். நாலு பருத்தித் துண்டு, சென்னிமலைப் போர்வை ஒன்று, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிரசவ லேகியம். டிசம்பரிலேயே பக்கத்து வீட்டு அக்கா கிண்டிக் கொடுத்ததாம். பெட்டியை அப்போதே கட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு எதையும் வெளியே எடுக்கவில்லை.

"ஏர்போர்ட்ல கேட்டாங்ளா மாமா?"

"கேட்டாங். பொண்ணுக்கு மருந்துன்னேன். விட்டுட்டாங்."

லேகியம் சமையலறை மேல்தட்டில் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

பெவர்லி வந்தார். 3.74 கிலோ. குழந்தையின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கிப் பார்த்தார். எதற்கென்று கேட்டேன்.

"ரத்தம் கொறஞ்சிருந்தா இங்க வெளுத்துப் போயிருக்கும். நம்ம தோலுல முகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது." தன் இமையையும் இறக்கிக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது. "இங்க, நாக்குல, உள்ளங்கையில. பாடத்துல போட்டிருக்கற படமெல்லாம் வெள்ளைத் தோல்தான்."

அவரே தொடர்ந்தார். இந்த நாட்டில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் பெண்களைப் பற்றி ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்களாம். வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள் இறப்பது இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம்மைப் போன்ற ஆசியப் பெண்கள் இரண்டுக்கும் நடுவில். வருடா வருடம் அறிக்கை வரும், வருடா வருடம் வருத்தம் தெரிவிப்பார்கள் என்றார்.

"காரணம் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டேன். பழுது என்றால் காரணம் இருக்க வேண்டும்.

"ஒரே காரணம்னா எப்பவோ சரி பண்ணியிருப்பாங்க" என்றார். இந்துவின் மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கும்படி சொன்னார். அது என் உரிமை என்றார். மனுவை அவர் போனிலேயே நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 13, வெள்ளி

வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் அழுத்தம் குறைவு. 0.8 பார். 1.4க்கு ஏற்றினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

குறிப்புகள் வந்தன. 214 பக்கம். பழுதுப் பதிவேட்டைப் படிப்பதுபோல் பின்னாலிருந்து படித்தேன். நின்ற நேரத்தை முதலில் பார்க்க வேண்டும், பிறகு அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று போக வேண்டும்.

18.25 மயக்கம். அவசர அழைப்பு.

17.10 நாடித் துடிப்பு 124. ரத்த அழுத்தம் 104/66. "நிறம் நன்றாக உள்ளது. நலமாக இருப்பதாகச் சொல்கிறார்."

16.40 நாடி 118.

15.50 "கணவர் பதற்றமாக உள்ளார். ஆறுதல் சொல்லப்பட்டது."

15.45 நாடி 108.

14.30 நாடி 96.

13.00 நாடி 88.

அட்டவணையில் நாடிக்கு நிறப் பட்டை இருக்கிறது. 100க்கு மேல் மஞ்சள். 120க்கு மேல் சிவப்பு. சிவப்பில் ஒரு புள்ளி விழுந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கீழேயே அச்சிட்டிருக்கிறது. 17.10இன் புள்ளி சிவப்பில் இருக்கிறது. பேனாவால் அழகாக வைத்திருக்கிறார்கள்.

எதிர்க் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். தலை வலிக்கிறது என்று அவள் கணவன் நாலரை மணிக்குப் போய்ச் சொன்னான். ஒன்பது நிமிடத்தில் டாக்டர் வந்தார். நேரம் பார்ப்பது எனக்குப் பழக்கம். அவர்கள் வெள்ளைக்காரர்கள். ஒரே ஒரு அளவீட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பக்கம் 3: "பேசும் மொழி: ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளர்: தேவையில்லை." அந்தப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பியது நான்.

பிப்ரவரி 18, புதன்

லிப்டில் பாதுகாப்புச் சங்கிலி என்று ஒன்று உண்டு. பார்த்தால் சங்கிலி இருக்காது. ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு சுவிட்ச், பெட்டிக் கதவுக்கு ஒன்று, வேகக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று, குழியில் ஒன்று. எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். அத்தனையும் மூடியிருந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். ஏதாவது ஒன்று திறந்தாலும் லிப்ட் நிற்கும். ஏன் திறந்தது என்று லிப்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சிவப்புப் புள்ளி விழுந்தபின்னும் ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

மாமாவுக்குப் பாட்டில் மூடி திறக்கவில்லை. வெந்நீரில் காட்டித் திறந்து கொடுத்தேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "ஈரோடு, பெருந்துறை, காங்கேயம், தாராவரம்" என்று ஊர் சொல்கிறார். தாராபுரம் வருவதற்குள் ஏப்பம் விட்டுவிடுகிறது.

"பாப்பாவும் இப்புடித்தானுங். காங்கேயத்துலயே தூங்கிரும்."

பிறகு வழக்கமான கேள்வி.

"வலின்னு சொல்லுச்சுங்ளா மாப்ள?"

"தோள்பட்டை கடுக்குதுன்னா."

"வயித்துல ஆப்ரேசன் பண்ணிட்டுத் தோள்பட்டை எதுக்குங் கடுக்குது?"

வயிற்றுக்குள் ரத்தம் தேங்கி உதரவிதானத்தில் பட்டால் தோளில் வலிக்கும். இதை இந்த மாதம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். "தெரியல மாமா" என்றேன்.

கல்யாணமான புதிதில், கோயம்புத்தூர் வாடகை வீட்டில், இரும்பு பீரோக் கதவில் அவள் விரல் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்துவிட்டது. நான் பதறிப்போய், "ஏ, வலிக்குதா?" என்று கேட்டேன். "பரவால்லீங்க" என்றாள். நானும் அந்தப் பக்கம் போய்விட்டேன். மறுநாள் டாக்டர் எலும்பில் கீறல் என்றார்.

"பரவாயில்லன்னு சொன்னியே?"

"ஏனுங், பரவால்லீங்கன்னா வலிக்கலைன்னு அர்த்தமுங்ளா? நீங்க பதறாதீங்கன்னு அர்த்தமுங்."

எங்கள் சாத்தூர்ப் பக்கம் வலித்தால் தெருவே கேட்கும். அன்று ரொம்ப நேரம் சிரித்தோம். அதற்கப்புறம் அவள் பரவால்லீங்க என்றால் நான் இன்னொரு தடவை கேட்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது தடவை உண்மையைச் சொல்லுவாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரியின் விசாரணை அறிக்கை, வரைவு, வந்தது. பதினொரு பக்கம். கூட்டம் மார்ச் 3. திருத்தம் இருந்தால் அப்போது சொல்லலாம். மாமாவும் வருவதால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எந்தத் தமிழ் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

பக்கம் 7: "17.10க்கு நோயாளி தாம் நலமாக இருப்பதாக ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரிவித்தார். எனவே அந்நேரத்தில் மருத்துவரை அழைக்காதது நியாயமான முடிவே."

பக்கம் 11: "தவறவிட்ட வாய்ப்பு எதுவும் கண்டறியப்படவில்லை."

மாமா எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங் போட்டிருக்குது?"

"அவங்க மேல தப்பில்லன்னு போட்டிருக்கு."

"யாரு மேலதாந் தப்புங்?"

"அது போடல."

பிப்ரவரி 26, வியாழன்

திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். கருவிப் பையைச் சுத்தம் செய்தேன். ஜம்பர் நான்குதான் இருந்தது.

ஜம்பர் என்பது இரண்டு முனையிலும் கவ்வி வைத்த அரை மீட்டர் சிவப்பு வயர். லிப்ட் நின்றால் பாதுகாப்புச் சங்கிலியில் எந்த சுவிட்ச் திறந்திருக்கிறது என்று தேட வேண்டும். அதற்கு, சந்தேகமான சுவிட்சின் குறுக்கே ஜம்பரைப் போடுவோம். சுவிட்ச் திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லிப்ட் நம்பிவிடும். கண்டுபிடித்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்து விட்டுவந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் ஓடும். ஆட்கள் சாவார்கள். அதனால் ஆளுக்கு ஐந்து ஜம்பர், ஒவ்வொன்றிலும் எண். காலையில் எண்ணி எடுக்க வேண்டும், மாலையில் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் இடத்தைவிட்டு நகரக்கூடாது.

ஐந்தாவது இல்லை. ஐந்து வாரமாக எங்கோ ஒரு கதவில் தொங்கிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். கடைசியாகப் பார்த்த வேலை ஜனவரி 21. சூப்பர்வைசரிடம் பேசப் போனை எடுத்துவிட்டு, முதலில் அன்று போட்டிருந்த கோட்டைத் தேடினேன். 22ஆம் தேதியும் அதே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்பையில் இருந்தது. எண் 5. அதோடு ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்துச் சீட்டு.

மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னங் மாப்ள, எதைத் தொலைச்சீங்?"

"கெடச்சிருச்சு மாமா."

மார்ச் 1, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

மூன்றே முக்கால் மணிக்கு இந்து இருப்புக்கொள்ளாமல் இருந்தாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள். தாகம் தாகம் என்றாள். நான் நர்ஸிடம் போய்ச் சொன்னேன். "ஆபரேஷன் ஆனா அப்படித்தான் இருக்கும்" என்றார். டாக்டர் பார்த்தால் நல்லது என்றேன். "அப்பா, நீங்க கொஞ்சம் டீ குடிங்க" என்று என் தோளைத் தட்டினார். புதிதாகக் குழந்தை பிறந்தவர்களை இங்கே அப்பா என்றே கூப்பிடுவார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸிடம் ஏதோ சொன்னார், இருவரும் புன்னகைத்தார்கள். என்னவென்று கேட்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஐந்து மணிக்குத் தோள்பட்டை கடுக்கிறது என்றாள். கை ஜில்லென்று இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். 17.10க்கு அந்த நர்ஸ் வந்து மெஷினை மாட்டினார். 124 என்று காட்டியது. நானும் பார்த்தேன். இந்துவிடம் குனிந்து, "ஆர் யூ ஆல்ரைட், மை லவ்?" என்று கேட்டார். இந்துவுக்கு ஆங்கிலம் தெரியும். எம்.எஸ்ஸி. படித்தவள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வாயில் தமிழ்தான் வந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பரவால்லீங்க."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

நான், "ஷி இஸ் ஃபைன்" என்றேன்.

"நைஸ் கலர் டூ" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில், அந்தக் கட்டிடத்தில், எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்கவில்லை. மறுபடி டீ குடிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

எண் 5.

அறிக்கையில் அவள் ஆங்கிலத்தில் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். நான் சும்மா இருந்தால் என் பெயர் எங்கேயும் வராது. மாமாவுக்கும் தெரியாது. "தவறவிட்ட வாய்ப்பு எதுவும் இல்லை" என்பதும் அப்படியே நிற்கும்.

மார்ச் 3, செவ்வாய்

கூட்டம் பகல் இரண்டு மணி. நேற்று ஒரு நாள் வேலைக்குப் போனேன். இன்று லீவு.

நீள மேசை. அந்தப் பக்கம் தலைமை டாக்டர், நரைத்த முடி உள்ள பெண்மணி. அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்கும் ஓர் இளைஞர். இந்தப் பக்கம் நான், மாமா, பெவர்லி. அவர் தன் விடுப்பு நாளில் வந்திருந்தார். குழந்தை அவர் மடியில் தூங்கியது. மேசை முனையில் மொழிபெயர்ப்பாளர் தர்மினி. யாழ்ப்பாணத்துக்காரர். மாமாவைப் பார்த்து, "ஐயா, நான் கதைக்கிறது விளங்காட்டிச் சொல்லுங்கோ" என்றார். மாமா, "நல்லா வெளங்குதுங் அம்மிணி, ரேடியோவுல கேட்டிருக்கறேன்" என்றார்.

டாக்டர் வருத்தம் தெரிவித்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். தர்மினி தாழ்ந்த குரலில் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "நிறம் நன்றாக உள்ளது" என்ற இடத்தில் பெவர்லி கையை உயர்த்தினார்.

"எந்த எடத்துல இருந்த நெறத்தப் பாத்தாங்க?"

இளைஞர் குறித்துக்கொண்டார்.

பக்கம் 7 வந்தது. "நோயாளி ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரிவித்தார்."

"அவ ஆங்கிலத்துல பேசல" என்றேன். "தமிழ்ல ஒரு வார்த்தை சொன்னா. ஆங்கிலத்துல சொன்னது நான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். தர்மினி என்னை நிறுத்தினார்.

"நீங்கள் மாத்த வேண்டாம். அவ சொன்னதை அப்பிடியே தமிழில சொல்லுங்கோ. மாத்துறது என்ர வேலை."

"பரவால்லீங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொழிபெயர்க்கும் முன் தர்மினி என்னிடம் கேட்டார். "ஆருக்குச் சொன்னவ? நர்ஸுக்கோ உங்களுக்கோ?"

"என்னப் பாத்துச் சொன்னா."

"எப்பிடிச் சொன்னவ?"

"மெதுவா. கண்ண மூடிக்கிட்டு."

அவர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இதற்குச் சரியான ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. "எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்பதுதான் கிட்டத்தட்ட வரும். வலி இருக்கிறதா என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது. பதில் இன்னும் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன்" என்றார் தர்மினி. அதை மாமாவுக்காகத் தமிழில் சொல்லிவிட்டு, அடுத்ததையும் முதலில் தமிழில் சொன்னார். "திருப்பிக் கேட்டிருப்பன்."

பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் மிச்சத்தையும் சொன்னேன். மூன்றே முக்கால், டீ, தோள்பட்டை, 124. அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். டாக்டர், கணவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது என்று தங்கள் விதியிலேயே இருக்கிறது என்றார். புள்ளி சிவப்பில் இருக்கும்போது யார் என்ன மொழியில் என்ன சொன்னாலும் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, இளைஞரிடம் பக்கம் 7ஐயும் 11ஐயும் அடித்துவிடச் சொன்னார். வரைவைத் திரும்பப் பெறுகிறார்கள். வெளியாட்களை வைத்து மறுபடி விசாரிப்பார்கள். அதில் என் வாக்குமூலமும் இருக்கும்.

பஸ்ஸில் மாமா உட்கார்ந்துகொண்டு வந்தார். என் பக்கத்தில் உட்காரவில்லை.

மார்ச் 4, புதன்

பச்சைக் குப்பைத்தொட்டியை மாமா ஏற்கெனவே வெளியே வைத்திருந்தார்.

காலையில் குழந்தைக்கு ஊர் சொல்லவில்லை. வெறுமனே தட்டினார். நான் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"நாலஞ்சு வயசிருக்குமுங். லீவுன்னா என்ர வண்டியிலயே வந்துரும். கூட்டத்துல ஒருத்தன் பூட்ஸுக் காலோட அது காலை மிதிச்சுப்போட்டான். கத்துச்சு. அவன் சாமி சாமின்னு பதறுனான். நான் என்னங் சொன்னேன் தெரியுமுங்ளா?"

நான் குழாயை நிறுத்தினேன்.

"'அழுகாத, பாவம் அவரு, பரவால்லீங்கன்னு சொல்லு'ன்னேன். சொல்லுச்சுங். கண்ணுல தண்ணி ஊத்துது, பரவால்லீங்கன்னு சொல்லுது. பஸ்ஸே பாராட்டுச்சு, கண்டக்டர் புள்ளை எவ்ளோ மருவாதின்னு." பிறகு, "காலைத் தூக்கிப் பாக்கவே இல்லீங் நானு" என்றார்.

மேல்தட்டிலிருந்து லேகியப் பாட்டிலை எடுத்தார். மூடி இறுகியிருந்தது. வெந்நீரில் காட்டித் திறந்தார். நெல்லிக்காய் அளவு உருட்டி என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு மாமா?"

"வளத்தறவிங்க சாப்புடோணும். கெட்டுப்போறதுக்குள்ள."

காரமாக இருந்தது. அவரும் ஓர் உருண்டை சாப்பிட்டார்.

மார்ச் 5, வியாழன்

பிறப்புப் பதிவுக்குக் கடைசி நாள். நாற்பத்திரண்டு நாள்தான் தருவார்கள். இந்துவின் போனில் மூன்று பெயர் இருந்தன. பக்கத்தில், "அப்பா வாய்ல நுழையணும்" என்று எழுதியிருந்தாள். முதல் பெயரைக் கொடுத்தேன். இளவேனில். பதிவாளர் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, சரியா, நன்றாகப் பாருங்கள் என்று இரண்டு தடவை கேட்டார்.

மாமா, "நல்ல பேருங். நாங் கூப்புடறது அம்மிணிதான்" என்றார்.

மார்ச் 11, புதன்

ஏழு மாடிக் கட்டிடம், மூன்றாவது மாடிக் கதவு சுவிட்ச். ஜம்பர் எடுத்தது ஒன்று. வைத்தது ஒன்று. மொத்தம் ஐந்து.

மார்ச் 19, வியாழன்

எட்டு வாரம். தடுப்பூசி. இரண்டு தொடையிலும் ஊசி, வாயில் சொட்டு மருந்து. எடை 4.9. குழந்தை கிளினிக்கே கேட்கும்படி அழுதது. ஊசி போட்ட பெண், "அடடா, அடடா" என்று பதறினார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா தமிழிலேயே அவரிடம், "அழுகட்டுமுங், வலிக்குதுல்ல" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் டீயை வைத்துவிட்டு மாமா என்னைப் பார்த்தார்.

"மாப்ள, தூங்குனீங்ளா நேத்து?"

"பரவால்லீங்க மாமா."

அடுப்பைத் தணித்தார். வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"தூங்குனீங்ளா?"

"இல்ல மாமா" என்றேன்.